சாவி ஒருவரிடம், சொல் இன்னொருவரிடம்

அந்தப் பெரிய மருத்துவமனையின் தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் மனிதரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர்களுக்கும் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர்களுக்கும் கேன்டீன்காரருக்கும் அவர் ‘எக்ஸ்சேஞ்ச்’. பிறவியிலேயே கண் பார்வை கிடையாது. நானூற்றுப் பன்னிரண்டு உள் எண்களும் நாக்கு நுனியில் இருக்கும். எக்ஸ்ரே அறையில் எத்தனை மணி அடித்த பிறகு போனை எடுப்பார்கள், பிணவறை எழுத்தர் எத்தனை மணிக்கு டீ குடிக்கப் போவார், எந்த சர்ஜனிடம் காலை பத்து மணிக்கு முன் வாய் கொடுக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

வீட்டில் மட்டும் கதை வேறு. ஒரு சோப்புக்கட்டி வாங்குவதற்கும் மனைவியைத்தான் கேட்பார். கேட்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை, பழகிவிட்டது. மனைவி அதே மருத்துவமனையின் துணிக்கிடங்கில் வேலை பார்ப்பவள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சைத் துணி எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பவள். அவளிடம் கேட்காமல் அந்த வீட்டில் காசு அசையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவர் சொன்னது அவள் காதில் சரியாக ஏறவில்லை.

“ஏம்மா, ஒரு செலவு விஷயம். நான்தான் முடிவு பண்ணணுமாம்.”

“என்ன செலவு? செருப்பா?”

“இல்ல. நம்ம ரெண்டு பேர் சம்பளத்தையும் சேர்த்தா பதினேழு வருஷம் ஆகும். அவ்வளவு பணம்.”

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

விஷயம் என்னவென்றால், எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. இலவசம். பல நாடுகளில் இருக்கும் எண்பது பேர் சம்பளமில்லாமல் சேர்ந்து செய்வது. அதன் உள் வேலைப்பாடு முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம், சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். அந்த மென்பொருளை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர் எக்ஸ்சேஞ்ச். அவருக்கு நிரல் எழுதத் தெரியாது. அதன் உதவிப் பக்கங்களைத் தன் மொழியில் எழுதுவார், திருத்துவார். பதினொரு வருடமாக இதுதான் பொழுதுபோக்கு. மனைவி அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. சீட்டாடுகிற புருஷனைவிட இது தேவலை என்று விட்டுவிட்டாள்.

இந்த மென்பொருளை ஆரம்பித்தவர் எங்கோ குளிர் நாட்டில் இருக்கும் ஒரு கிழவர். அங்கே எல்லாருக்கும் புனைபெயர்தான். அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘ஓட்டைக்குடை’.

“இத்தனை பேருக்குப் படிச்சுச் சொல்ற புண்ணியவானுக்கு நல்லதா ஒரு பேர் கிடைக்கலையா?” என்று அவள் முன்பு ஒரு தடவை கேட்டிருக்கிறாள்.

“எனக்கு மட்டும் என்ன வாழுதாம்? எக்ஸ்சேஞ்ச்!” என்று அவர் சிரித்தார்.

இப்போது நடந்தது இதுதான். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை பார்த்த ஒரு மூதாட்டி காலமாகிவிட்டாள். அவளுக்கும் கண் தெரியாது. உயிரோடு இருந்தவரை இவர்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை, நன்றி சொன்னதில்லை, குறை சொன்னதில்லை. உயிலில் மட்டும், ‘பத்தொன்பது வருடம் எனக்குக் கடிதம் படித்துக் காட்டியவர்களுக்கு’ என்று எழுதி வீட்டை விற்ற பணத்தை முழுவதுமாக வைத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கேட்டதும் துணிக்கிடங்குக்காரிக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று அன்று முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

பணம் வந்ததும் யார் செலவு செய்வது என்ற கேள்வி வந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினார்கள். ஓட்டைக்குடை பல வருடங்களுக்கு முன், உண்டியலில் இரண்டு பேர் சாப்பிடும் காசு மட்டும் இருந்த காலத்தில், அரை மணி நேரத்தில் எழுதிப் போட்ட ஒரு விதி அங்கே கிடந்தது. ‘போன வருடம் யாருடைய திருத்தங்கள் அதிகம் சேர்க்கப்பட்டனவோ, இந்த வருடம் செலவில் அவருக்கே கடைசிச் சொல். கோரிக்கை எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் ஏழு நாள் இருக்க வேண்டும். தனக்கு லாபம் வரும் விஷயத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது.’

எண்ணிப் பார்த்தார்கள். மென்பொருளைப் பேச வைக்கும் உள் நிரலை, அதன் எஞ்சினையே எழுதுகிற கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார், பெயர் ‘முள்ளம்பன்றி’. அவருடைய திருத்தங்கள் இருநூற்று ஒன்பது. எக்ஸ்சேஞ்சுடையவை ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு.

அது எப்படி என்றால், சேர்ந்த புதிதில் எக்ஸ்சேஞ்ச் நாற்பது வாக்கியங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினார். ஒன்று தப்பு. நாற்பதும் திரும்பி வந்துவிட்டன. அன்றிலிருந்து ஒரு திருத்தத்துக்கு ஒரு வாக்கியம்தான். முள்ளம்பன்றி இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு செய்யும் வேலையும் ஒன்று, எக்ஸ்சேஞ்ச் ‘இந்தப் பொத்தானை அழுத்தவும்’ என்று எழுதுவதும் ஒன்று. விதி எழுதியவர் எண்ணிக்கையைச் சொன்னார், அளவைச் சொல்ல மறந்துவிட்டார். கம்ப்யூட்டரோடு மட்டுமே குடித்தனம் நடத்துகிறவர்கள் செய்யக்கூடிய தப்பு.

முள்ளம்பன்றி சும்மா இருப்பாரா? எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டார். எஞ்சினில் ஒரு வரி எழுதாத ஆள் கையில் இவ்வளவு பணமா, தன் மொழிக்கே மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போகப் போகிறார் பாருங்கள், விதியை இன்றைக்கே மாற்றுங்கள் என்று எழுதினார். அதை எக்ஸ்சேஞ்ச் மனைவிக்கு வரி விடாமல் சொன்னார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மாலையே ஓட்டைக்குடை பதில் எழுதினார். “விதியை அவசரத்தில் எழுதியது நான்தான். தப்பு என்னுடையது. ஆனால் பணம் வந்த பிறகு, ஆளைப் பார்த்து விதியை மாற்றினால் அதற்குப் பெயர் விதி இல்லை. வங்கிச் சாவி என்னிடம் இருக்கிறது. சொல் அவரிடம் இருக்கிறது. அவர் சொல்லாமல் நான் சாவியைத் திருப்ப மாட்டேன்.”

இதைக் கேட்டு அவள் மலைத்துப் போனாள். துணிக்கிடங்கில் ஒரு டஜன் தலையணை உறை வாங்க ஐந்து கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடும் ஐந்து பேரில் ஒருவரும் தலையணை உறையைக் கண்ணால் பார்த்ததில்லை. சாவி வைத்திருப்பவன்தான் அங்கே ராஜா. ஸ்டோர் சாவிக்காக இரண்டு சீனியர்கள் மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே ஒரு மனிதர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, முகம்கூடப் பார்த்திராத ஒரு டெலிபோன் ஆபரேட்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“ஏங்க, அவருக்கு உங்களைத் தெரியுமா?”

“தெரியாது.”

“அப்புறம் எப்படி நம்புறாரு?”

“என்னை நம்பலம்மா. அவர் எழுதினதை அவர் நம்புறாரு.”

அவளுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. தனக்கென்று ஒரு நகை, ஒரு புடவை என்றெல்லாம் இல்லை. அவள் நினைத்தது அந்தக் குரலை.

அவர்கள் மொழியில் அந்த மென்பொருள் பேசும் குரலுக்கு அவள் ‘தகரவாயன்’ என்று பெயர் வைத்திருந்தாள். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கும். அதற்குக் கேள்வியும் ஒன்றுதான், பதிலும் ஒன்றுதான். சிரிப்பும் அழுகையும் அதற்கு ஒரே ராகம். ஆறு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், இணைப்பகத்தில் அவர் வேலையாக இருந்தபோது, அவருடைய அண்ணனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. தகரவாயன் படித்தான்: “மின்சாரக் கட்டணம் செலுத்தக் கடைசி நாள் நாளை. அப்பா இறந்துவிட்டார். உடனே வா.” இரண்டு செய்திகளையும் ஒரே மூச்சில், ஒரே தொனியில். இரண்டாவதை அவர் மூன்று தடவை திரும்பப் போட்டுக் கேட்டாராம், காதில் தப்பாக விழுந்ததோ என்று. அன்று வீட்டுக்கு வந்து, “ஒரு மனுஷக் குரலாவது சொல்லியிருக்கலாம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவள்தான் மறக்கவில்லை.

ஸ்டுடியோவில் நல்ல ஒருவரைப் பேச வைத்துப் பதிவு செய்து புதுக் குரல் செய்யலாம். அதற்கான கோரிக்கையை அவர்கள் மொழிக்காரர் ஒருவர் எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் போட்டும்விட்டார். இனி என்ன, ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவளுடைய தம்பி ஞாயிற்றுக்கிழமை வந்து, “மாமா, உங்க கையில பிடி இருக்கு. கமிஷன் கிமிஷன் ஒண்ணும் கிடையாதா?” என்று பல்லைக் காட்டினான்.

“உனக்கு ஒரு டீ உண்டு. அதையும் உங்க அக்காகிட்ட கேட்டுத்தான் தர முடியும்” என்றார் எக்ஸ்சேஞ்ச்.

ஆனால் எக்ஸ்சேஞ்ச் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தார். போன் போட்டார்.

அந்த எண்பது பேரும் வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவர் குரலை ஒருவர் கேட்டதில்லை. மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களின் குரலையும் கேட்டதில்லை. எக்ஸ்சேஞ்ச் அந்தப் பொதுப் பக்கத்தில் எழுதினார்: உங்கள் எண்ணைக் கொடுங்கள், நான் கூப்பிடுகிறேன், முடிவு சொல்வதற்கு முன் நான் கேட்க வேண்டும். எண்கள் வந்தன. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் வழியாகக் கூப்பிடுவார். பாதி பேருக்கு இவர் மொழி தெரியாது, இவருக்கு அவர்கள் மொழி அரைகுறை. ஏழு நாளில் நாற்பத்தொரு பேர். துணிகளை மடித்துக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள், புரியாததை அவர் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டாள். ஒரு வக்கீல். இரட்டைக் குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டைக் கேட்டுக் கேட்டு மருந்து கொடுக்கும் ஒரு தாய். குதிரைப் பந்தயச் செய்தி மட்டும் கேட்கும் ஒரு குறும்புக்காரக் கிழவர். எல்லாரிடமும் அவர் கேட்டது ஒன்றுதான், இது இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று. அப்புறம் எனக்கு யார் படித்துச் சொல்வார்கள் என்றுதான் பெரும்பாலானவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பொழுதுபோக்கு என்று இத்தனை வருடம் நினைத்தோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியாக முள்ளம்பன்றியைக் கூப்பிட்டார்.

எழுத்தில் அவ்வளவு முள்ளாக இருந்த ஆளுக்குப் பேச்சில் கடுமையான திக்கு. முதல் வார்த்தை வெளியே வரவே ஒரு நிமிடம் ஆயிற்று. அதனால்தான் அந்த மனிதர் யாரிடமும் பேசாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். எக்ஸ்சேஞ்ச் அவசரப்படவில்லை. பதற்றத்தில் கூப்பிடுகிற நோயாளி வீட்டார் எல்லாரிடமும் சொல்வதையே சொன்னார். “லைன்லதான் இருக்கேன். நிதானமா சொல்லுங்க.”

முக்கால் மணி நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் உள்ளே எல்லாவற்றையும் மாற்றப் போகின்றன. பழைய எஞ்சின் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. ஒன்றரை வருடத்தில் எல்லா மொழியிலும் பேச்சு நின்றுவிடும். திருப்பி எழுத ஒரு ஆள் முழு நேரமாக இரண்டு வருடம் உட்கார வேண்டும். முள்ளம்பன்றி இப்போது செய்வதுபோல, பகலில் சூப்பர் மார்க்கெட்டின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்கிற வேலை இல்லை அது.

“செய்யத் தெரிஞ்ச ஆள் யாரு?”

முள்ளம்பன்றி திக்கித் திக்கிச் சொன்னார், “நான்… நான் மட்டும்தான். அ… அதான் கேக்க முடியல. எனக்கு நானே எப்படிக் கேக்கறது?”

போனை வைத்துவிட்டு எக்ஸ்சேஞ்ச் அந்தக் கோரிக்கையைத் தானே எழுதிப் பக்கத்தில் போட்டார். முள்ளம்பன்றிக்கு இரண்டு வருடச் சம்பளம். ஏறக்குறைய மொத்தப் பணமும் அதிலேயே போய்விடும். ஏழு நாள் காத்தார். யாரும் மறுக்கவில்லை. எட்டாம் நாள் காலை ‘சரி’ என்று ஒரு சொல் எழுதினார். மறு நிமிடமே ஓட்டைக்குடை சாவியைத் திருப்பிவிட்டார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“உங்களைத் திட்டின ஆளுக்கு அள்ளிக் குடுத்திட்டு, உங்களுக்குன்னு ஒண்ணும் வேண்டாமா? இன்னும் எத்தனை வருஷம் அந்தத் தகரவாயனோட மாரடிக்கப் போறீங்க?”

“தகரவாயனாவது பேசுறாம்மா. அதுவும் நின்னுபோச்சுன்னா?” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “எனக்கும் ஆசைதான். இல்லைன்னு சொல்லல” என்றார்.

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சோப்புக்கட்டிக்கு அனுமதி கேட்கிற மனிதர். பத்தொன்பது வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும், இவர் இவ்வளவு பெரிய ஆள் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் சண்டையை அத்தோடு நிறுத்திவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து முள்ளம்பன்றி தனியாக ஒரு கடிதம் எழுதினார். குரல் செய்ய ஸ்டுடியோ தேவையில்லை, நல்ல மைக்கும் சத்தமில்லாத அறையும் ஐயாயிரம் வாக்கியம் பேச ஆளும் இருந்தால் போதும், மீதியைத் தன் ஓய்வு நேரத்தில் சும்மாவே செய்து தருகிறேன் என்று. எக்ஸ்சேஞ்ச் உடனே பதில் போட்டார். “இதைத் தனியா எழுதாதீங்க, லஞ்சம் மாதிரி இருக்கும். எல்லாரும் பார்க்கிற பக்கத்துல எழுதுங்க.” அவரும் அங்கே எழுதினார். ஏழு நாளில் ஒரே ஒரு கேள்விதான் வந்தது. கேட்டவர் ஓட்டைக்குடை. பேசப் போவது யார்?

எக்ஸ்சேஞ்ச் அதைத் தகரவாயன் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் நின்றிருந்தாள்.

“நான் பேசறேன்னு எழுதுங்க” என்றாள். “பேரு? துணிக்கிடங்குன்னு போடுங்க.”

அந்த மருத்துவமனையிலேயே சத்தம் நுழையாத இடம் துணிக்கிடங்குதான். நான்கு பக்கமும் கூரை வரை விரிப்புகள். கதவைச் சாத்திவிட்டால் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். தம்பி கடையிலிருந்து நல்ல மைக் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான், கமிஷன் இல்லாமல். மேட்ரனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தினமும் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு, இருபத்தைந்து வாக்கியம் பேசினாள். “உங்கள் கோப்பு சேமிக்கப்பட்டது.” “அவன் நேற்று வந்தானா?” “குழந்தை தூங்குகிறது.” சேர்த்து அனுப்பலாமே என்று மென்பொருள்காரர்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. புருஷன் பட்ட அடி அவளுக்குத் தெரியும். ஒரு திருத்தத்துக்கு ஒரு வாக்கியம். நூற்றுக்கும் மேல் திரும்பி வந்தன. ‘பின்னால் தள்ளுவண்டிச் சத்தம்’, ‘பின்னால் யாரோ தும்முகிறார்’. திரும்பப் பேசினாள். சளி பிடித்த பத்து நாள் மட்டும் விடுப்பு.

டிசம்பர் நடுவில் குரல் தயாராகி வந்தது. அன்று சாயங்காலம் எக்ஸ்சேஞ்ச் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பழைய செய்திகளில் எதையோ தேடினார். ஆறு வருடமாக அழிக்காமல் வைத்திருந்த ஒன்றைத் திறந்தார். அவள் குரல், அவள் ஒருநாளும் பேசாத அந்த வாக்கியத்தை மெதுவாகச் சொன்னது. “அப்பா இறந்துவிட்டார். உடனே வா.”

அவர் ஹெட்போனைக் கழற்றாமல், குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாவின் சாவுக்கு அவர் அழுததை அவள் அன்றுதான் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “வீட்டுலயும் நீ, ஆபீஸ்லயும் நீ. இனிமே எங்க போய்த் தப்பிக்கிறது?” என்றார்.

ஜனவரி முதல் தேதி துணிக்கிடங்கில் வருடாந்திர எண்ணிக்கை. அவள் விரிப்புக் கட்டுகளின் நடுவே நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது நூற்றுப் பதினான்காம் எண் போன் அடித்தது.

“எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து பேசறேன். லைன்ல இருங்க, கனெக்ட் பண்றேன்” என்றார் அவள் புருஷன், வேற்றாளிடம் பேசுகிற மாதிரி.

“யாரைங்க கனெக்ட் பண்றீங்க?”

அவர் ஹெட்போனைப் போனின் வாயருகே வைத்தார். அவளுடைய குரல் அவளுக்குக் கேட்டது. ஒரு புது அறிவிப்பை நிதானமாகப் படித்தது. “போன வருடம் சேர்க்கப்பட்ட திருத்தங்கள். முள்ளம்பன்றி, நானூற்றுப் பன்னிரண்டு. எக்ஸ்சேஞ்ச், ஆயிரத்து ஐம்பத்தெட்டு. துணிக்கிடங்கு, ஐயாயிரத்து மூன்று. விதியில் மாற்றமில்லை. இந்த வருடம் செலவில் கடைசிச் சொல், துணிக்கிடங்கு. சாவி வழக்கம்போல் என்னிடம். இப்படிக்கு, ஓட்டைக்குடை.”

அவள் அப்படியே ஒரு விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தலையணை உறைக்கு ஐந்து கையெழுத்துக் கேட்கிற அதே அறையில், கையில் எண்ணிக்கைச் சீட்டோடு. எங்கெங்கோ இருக்கிற எண்பது பேர் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. பியானோக்காரியை நினைத்தாள்.

“என்ன, சத்தத்தையே காணோம்?” என்றார் அவர் போனில். “ஒரு கோரிக்கை இருக்கு. எனக்கு ஒரு புது ஹெட்போன்.”

“அது நம்ம வீட்டு லாபம்” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “அதுல நான் வாய் திறக்கக் கூடாது.”